அடுத்து வருவதற்கான குறிப்பு

வேலை பார்க்கிற இடத்தில் நான் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியது கிடையாது. எங்கள் கம்பெனியில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், மேடம். வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று உங்கள் ஸ்டேஷனில் கேட்டதும் சண்டைக்காக அல்ல. பேசினால் நீங்கள் நடுவில் கேள்வி கேட்பீர்கள், சொல்ல வந்தது எங்கேயோ போய்விடும். எழுதினால் வரிசையாக வரும்.

என் பெயர் கிருபாசங்கர். சிங்காநல்லூரில் பவர் பிரஸ்களுக்கு கன்ட்ரோல் பேனல் செய்கிற கம்பெனியில் மென்பொருள் பிரிவுக்குப் பொறுப்பாளர். பம்பு மோட்டாருக்குள் இருக்கிற தகடுகளை வெட்டியெடுக்கிற மெஷின்தான் பிரஸ். மேலேயிருந்து ஒரு பெரும் எடை இறங்கும், தகட்டை வெட்டும், ஏறும். எப்போது இறங்குவது, எப்போது நிற்பது என்று அதற்குச் சொல்வது நாங்கள் எழுதுகிற புரோகிராம். மெஷினின் வாயில் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கோடுகள் இருக்கும். கை குறுக்கே போனால் பிரஸ் இறங்கக் கூடாது. அதைத்தான் எல்லோரும் சென்சார் என்கிறார்கள். எங்கள் பழைய பேனல்களில் ஓடுகிற புரோகிராம் முழுக்க நான் ஒரு ஆளாக எழுதியது. அவற்றில் ஒன்றுகூட யாருடைய நகத்தையும் கீறியதில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

புதிய மாடல் பேனலுக்கு நான் மறுபடியும் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தேன். நிதானமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் சாய்ப்ரியா வேலைக்குச் சேர்ந்தாள். கருமத்தம்பட்டிப் பெண். வீட்டில் தறி ஓட்டுகிறார்கள். படித்து முடித்து நேராக எங்களிடம் வந்தவள். நிரல் எழுதுகிற ஏஐ அசிஸ்டென்ட் ஒன்றை வைத்துக்கொண்டு, நான் வருடக்கணக்கில் எழுதியதையும் எழுதப்போவதையும் சேர்த்து ஒரு மழைக்காலத்துக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள்.

முதலாளி திருமூர்த்தி மீட்டிங்கில் எல்லோருக்கும் எதிரே சொன்னார். "ஏனுங்க கிருபா, நீங்க இழுத்துட்டே கெடந்தீங்க. நம்ம அம்மணி முடிச்சேபோட்டுது பாருங்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாய்ப்ரியா மட்டும் சிரிக்கவில்லை. "இல்லீங்க சார், கிருபா சார் எழுதுன பழைய புரோகிராம் இருந்ததாலதானுங்க இத்தன சுலுவா வந்துச்சு" என்றாள். அவள் அப்படிச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. பரிதாபப்பட்டு ஒருத்தி நமக்காகப் பேசுவது, சிரிப்பதைவிட ஒரு படி கீழே.

இந்த அசிஸ்டென்ட் எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அதோடு பேசத் தொடங்கி முடிக்கிற வரைக்கும் ஒரு செஷன். ஒரு செஷனுக்குள் அது கெட்டிக்காரத்தனமாக எல்லாம் செய்யும். செஷன் மூடினால் எங்கள் இடத்தில் அதற்கு எதுவும் நினைவிருக்காது. அடுத்த செஷன் புதிதாகப் பிறந்த மாதிரி வந்து உட்காரும். எங்கள் வேலையோ ஒரு செஷனில் முடிகிற வேலை இல்லை. அதனால் மூடுவதற்கு முன்னால், அடுத்து வருவதற்கு ஒரு குறிப்பு எழுதச் சொல்வோம். என்ன செய்தேன், எது பாக்கி, எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று எழுதிவைக்கும். அடுத்தது முதல் வேலையாக அதைத்தான் படிக்கும். மில்லில் ஷிஃப்ட் மாறும்போது, எந்த மெஷின் தகராறு பண்ணுகிறது என்று போகிறவர் வருகிறவரிடம் சொல்லிவிட்டுப் போவாரே, அது மாதிரி. ஒரு வித்தியாசம். மில்லில் வருகிறவருக்கு மெஷினை முன்பே தெரியும். இதற்கு அந்தக் குறிப்பைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் தெரியாது. அதில் இருப்பதை நம்பும்.

திருமூர்த்தி என்னைக் கூப்பிட்டு, "நீங்க அந்தக் குறிப்பெல்லாம் சரியா இருக்குதான்னு டெய்லி ஒருக்கா பாத்துக்குங்க போதும்" என்றார். புரோகிராம் முழுவதையும் எழுதிய ஆளுக்குக் கொடுத்த வேலை அது. நான் மறுக்கவில்லை. ஒழுங்காகச் செய்தேன். எழுத்துப்பிழைகூடத் திருத்தினேன்.

ஆபீஸ் மேஜையில் பிரஸ் கிடையாது, சென்சாரும் கிடையாது. பேனலை மட்டும் வைத்து மற்ற பாகங்களைச் சோதிக்க, சென்சார் பார்க்கிற பகுதியைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டும். சாய்ப்ரியா கேட்டதன்பேரில் அசிஸ்டென்ட் அதை நிறுத்தியது. நிறுத்திவிட்டு, அன்றைய குறிப்பின் தலைப்பிலேயே எழுதிவைத்தது: சென்சார் சோதனைக்காக நிறுத்தப்பட்டுள்ளது, மெஷினில் ஏற்றும் முன் கட்டாயம் திரும்ப இயக்க வேண்டும், இல்லையென்றால் கை உள்ளே இருந்தாலும் பிரஸ் இறங்கும். புரோகிராமுக்குள்ளும் அதே இடத்தில் ஒரு அடையாளம் போட்டிருந்தது. நல்ல குறிப்பு. நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

அந்த வரியை நான் எடுத்துவிட்டேன்.

நீங்கள் நினைக்கிற மாதிரி கோபத்தில் செய்யவில்லை. டீ வந்தது, குடித்தேன், டம்ளரை வைத்துவிட்டு எடுத்தேன். புரோகிராமுக்குள் இருந்த அடையாளத்தையும் எடுத்தேன். எடுத்த பிறகு படித்துப் பார்த்தால் குறிப்பு மொட்டையாக இருந்தது. சென்சார் பற்றிப் பேச்சே இல்லையென்றால் அடுத்தது சந்தேகப்பட்டுத் தேடும். அதனால் அந்த இடத்தில் ஒரு வரி எழுதினேன்: சென்சார் பகுதி முடிந்தது, சரிபார்க்கப்பட்டது, இனி தொட வேண்டாம். அசிஸ்டென்ட் எழுதுகிற தோரணையிலேயே எழுதினேன். அது எனக்குச் சிரமமாக இல்லை.

யாருக்கும் அடிபட வேண்டும் என்பது என் எண்ணம் இல்லை. மெஷினை வாடிக்கையாளர் இடத்தில் பொருத்துகிற நாளில் திருமூர்த்தி வருவார். எல்லோரும் நிற்கும்போது, "ஒரு நிமிஷம், சென்சாரைப் பார்த்துவிடலாம்" என்று சொல்லி ஒரு அட்டையை நான் மெஷினின் வாயில் நீட்டுவேன். பிரஸ் இறங்கும், அட்டை நசுங்கும். அனுபவம் என்றால் என்ன என்று அப்போது அவருக்குப் புரியும். அவ்வளவுதான் திட்டம். அட்டையைக்கூட அளவாக வெட்டி என் பைக்குள் வைத்திருந்தேன்.

மறுநாள் சாய்ப்ரியா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள்.

"சார், புது செஷன் ஒரு கேள்வி கேக்குதுங்க. சென்சார் பகுதி முடிஞ்சுதுன்னு குறிப்புல இருக்குது, ஆனா சோதிச்சதுக்கு ரிசல்ட் எதுவும் காணோம், ஒருக்கா பாத்துக்கட்டுமான்னு கேக்குது. பாக்கச் சொல்லட்டுங்களா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த நேரத்தில் நான் சும்மா இருந்திருந்தாலே போதும், எல்லாம் தானாகச் சரியாகியிருக்கும். அதையும் நான் எழுதிவிடுகிறேன், மறைக்கவில்லை.

"அது முடிஞ்ச விசயம்மா" என்றேன். "நானே பாத்துட்டேன். அதையெதுக்குப் போட்டு நோண்டிக்கிட்டு?"

"நீங்க பாத்துட்டீங்களா சார்? அப்பச் சரிங்க." அவள் முகத்தில் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அங்கேயே நின்றபடி, பார்க்க வேண்டாம் என்று டைப் செய்தாள்.

மெஷினை அனுப்புவதற்கு முன்னால் போடுகிற சோதனைக் கையெழுத்து என்னுடையது. போட்டேன்.

பிரஸ் போனது மதுக்கரைப் பக்கம் அங்கப்பன் என்பவருடைய பட்டறைக்கு. சிமெண்டுத் தூசு படிந்த தகரக் கூரை. உள்ளே பழைய பிரஸ்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் நிற்பவர் காதில் பேசினால்தான் கேட்கும். புதிய மெஷினை ஓட்டுவதற்கு அங்கப்பன் பாவாத்தாள் என்கிற பெண்ணை நிறுத்தியிருந்தார். வெகுநாள் வேலைக்காரி. பழைய மெஷினில் கை வைக்கும்போதெல்லாம் உடம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டு வேலை செய்து, தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்துபோன பெண்மணி.

சாய்ப்ரியா அவருக்கு மெஷினைப் பழக்கிக் கொடுத்தாள். "இதுல பயமே வேண்டாங்கக்கா. கை உள்ளாற போனா மெசினே நின்னுக்கும்."

"நெசமாவா கண்ணு?"

"நெசந்தானுங்க. அதுக்குத்தான இத்தன பாடுபட்டு செஞ்சிருக்கறோம்."

பாவாத்தாள் மெஷினை ஒரு மாட்டைத் தடவிப் பார்ப்பது போலத் தடவிப் பார்த்தார். "இத்தன நாளும் மெசினுக்குப் பயந்துட்டே தானுங் சார் சோறு தின்னேன்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் தலையாட்டினேன்.

திருமூர்த்தியும் வந்தார். வந்தவர் வாசலிலேயே போனில் யாரோடோ பேசிக்கொண்டு நின்றுவிட்டார். என் பையில் அட்டை இருந்தது. அவர் உள்ளே வந்ததும் எடுப்பதாக இருந்தேன். அவர் இல்லாமல் செய்தால் அதில் அர்த்தம் இல்லை. நீங்களே யோசித்துப் பாருங்கள், சாய்ப்ரியாவும் அங்கப்பனும் மட்டும் பார்த்து என்ன ஆகப்போகிறது? அதனால் காத்திருந்தேன்.

அங்கப்பனுக்குப் பொறுமை இல்லை. "அவரு வாரப்ப வரட்டும். பாவாத்தா, நீ ரெண்டு தகடு அடிச்சுக் காட்டு" என்றார்.

முதல் தகடு அழகாக வந்தது. அங்கப்பன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாய்ப்ரியா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். இரண்டாவது தகடு உள்ளே கோணலாகச் சிக்கிக்கொண்டது. பழைய மெஷினாக இருந்தால் பாவாத்தாள் இயக்கத்தை நிறுத்திவிட்டு, இடுக்கியால் எடுத்திருப்பார். இது நிற்கிற மெஷின் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. பிரஸ்ஸை இறக்குகிற மிதியில் ஒரு கால் இருக்க, இரண்டு கையையும் உள்ளே விட்டுத் தகட்டை அசைத்தார்.

சாய்ப்ரியா லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கப்பன் கையிலிருந்த தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவாத்தாளின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான்.

எனக்கு நேரம் இருந்தது. அந்தச் சத்தத்தில் கத்தினால் கேட்டிருக்காதுதான், ஆனால் எட்டித் தோளைப் பிடித்து இழுத்திருக்கலாம். சிவப்புப் பொத்தான் என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் சென்சார் இருக்கிற மெஷினை எதற்கு நிறுத்தினாய் என்று கேட்பார்கள் அல்லவா? அதற்கு ஒரு காரணம் வேண்டும். ஒழுங்கான காரணம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் கால் மிதியில் அழுந்தியது.

மற்றது ஆஸ்பத்திரி அறிக்கையில் இருக்கிறது. மணிக்கட்டுக்குக் கீழே இரண்டு கையும் இல்லை. பிறகு சிவப்புப் பொத்தானை அழுத்தியது நான்தான். எல்லோரும் உறைந்துபோய் நின்றபோது துண்டால் இறுக்கிக் கட்டியதும் நான்தான். வண்டியில் தூக்கி வைத்துவிட்டுத் திரும்பியபோது திருமூர்த்தி என் தோளைப் பிடித்து, "நீங்க மட்டும் இல்லீன்னா உசிரே போயிருக்குமுங்க கிருபா" என்றார். அவர் அந்தக் குரலில் என்னிடம் பேசி வெகுநாள் ஆகியிருந்தது.

எப்படி நடந்தது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பையும் என்னிடமே கொடுத்தார். நான் ஒரு புதிய செஷனைத் திறந்து, குறிப்புகளைக் கொடுத்து, விபத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டேன். அது எல்லாவற்றையும் படித்துவிட்டு, சென்சார் நிறுத்தப்பட்டே இருந்திருக்கிறது, ஆனால் குறிப்பு முடிந்ததாகச் சொல்கிறது, இரண்டும் பொருந்தவில்லை, இடையில் யாராவது குறிப்பை மாற்றியிருக்கலாம், பழைய பிரதி இருந்தால் காட்டுங்கள், ஒருவருக்குக் காயம் பட்டிருப்பதால் இதை உறுதி செய்யாமல் யார் மேலும் முடிவு சொல்ல வேண்டாம் என்று பதில் எழுதியது.

அந்த செஷனை மூடிவிட்டேன். அதை மட்டும் குறிப்பு எழுதச் சொல்லவில்லை.

இன்னொன்றைத் திறந்தேன். முந்தையது என்ன சந்தேகப்பட்டது என்று இதற்குத் தெரியாது. இதனிடம் நான் குறைவாகக் கேட்டேன்: கடைசியாக மெஷினுக்குப் போன புரோகிராம் யாருடைய பெயரில் போனது, சென்சாரைப் பார்க்கட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று சொன்னது யார்? அது பதிவுகளைப் பார்த்து உள்ளதைச் சொன்னது. சாய்ப்ரியா. அந்தப் பதிலைத்தான் அறிக்கையில் சேர்த்தேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அறிக்கையைப் படித்த சாய்ப்ரியா மறுக்கவே இல்லை. "நாந்தான் பாக்க வேண்டான்னு டைப் பண்ணுனேன்" என்று மட்டும் சொன்னாள். வேலையிலிருந்து நிறுத்தினார்கள். உங்கள் வழக்கிலும் அவள் பெயர் வந்தது. அதன் பிறகு அவள் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் பாவாத்தாளுக்குச் சோறு பிசைந்து ஊட்டுகிறாள் என்று கேள்விப்பட்டேன்.

கம்பெனி சார்பில் நானும் ஒருமுறை பார்க்கப் போனேன். அவள் அப்போதும் அங்கே இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பாவாத்தாள் போர்வைக்குள் கைகளை மறைத்து வைத்திருந்தார். வணக்கம் சொல்வதற்காகத் தூக்கி, பிறகு நினைவு வந்து இறக்கிக்கொண்டார்.

"ஏனுங் சார், அந்தப் புள்ளைய ஒண்ணும் பண்ணிப்போடாதீங்க. சின்னப் புள்ளைங்க. ராவெல்லாம் அழுகும்போலிருக்குது, கண்ணு ரெண்டும் வீங்கிக் கெடக்குது. நாந்தான் அவசரப்பட்டுக் கைய உட்டுப்போட்டேன். நம்ம தலையெழுத்து."

இங்கே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். அந்த அம்மா வலியில் இருந்தார். அந்த நிலைமையில் போய் அவரைக் குழப்புவது சரியில்லை என்று பட்டது.

"கொஞ்சம் பாத்துக் கைய வெச்சிருக்கலாமுங்கம்மா" என்றேன்.

"ஆமாங் சார்" என்றார் அவர்.

ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போயிருந்தேன். மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவரால் அதை உரிக்க முடியாது என்பது படியிறங்கும்போதுதான் தோன்றியது.

இதுவரை எழுதியதை வைத்து, மனசு கேட்காமல் வந்திருக்கிறான் என்று நினைத்துவிட வேண்டாம், மேடம். நான் ஒழுங்காகத்தான் தூங்குகிறேன். சாய்ப்ரியாவைக் காப்பாற்றுவதற்காகப் பழியை ஏற்றுக்கொள்கிறேன் என்றும் எழுதிவிட வேண்டாம். பழைய குறிப்பின் பிரதி என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. மாற்றிய நேரமும் ஆளும் அதில் பதிவாகியிருக்கும். நான் எதையும் அழிக்கிற பழக்கம் உள்ளவன் இல்லை. ஆள் அனுப்பினால் எடுத்துத் தருகிறேன்.

நான் வந்ததற்குக் காரணம் வேறு. நேற்று திருமூர்த்தியின் அறையில் அவருடைய வக்கீல், சாய்ப்ரியா உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். நான் அவளிடம் முடிந்த விஷயம் என்று சொன்னதை அதில் சொல்லியிருக்கிறாள். என்னைக் குற்றம் சொல்லுவாள் என்றுதான் காத்திருந்தேன். அவள் சொல்லியிருந்தது இது: "சார் நல்லவருங்க. ஆனா அவருக்கு இந்தப் புதுப் புரோகிராம் புரியாதுங்க. குறிப்புல இருந்தத நம்பித்தான் பாத்துட்டேன்னு சொல்லியிருப்பாரு. ஒண்ணும் புரியாதவரப் போயிக் கேட்டுட்டு நடந்துக்கிட்டது எம்பட தப்புங்க."

வக்கீல் படித்து முடித்ததும் திருமூர்த்தி என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. "உடுங்க கிருபா. உங்களுக்குத் தெரியாம நடந்தது. தெரியாத வேலைய உங்க தலைல கட்டுனது என் தப்பு" என்றார். அடுத்த மாதத்திலிருந்து ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வக்கீலும் பரிதாபமாகத் தலையாட்டினார். உங்கள் ஏட்டிலும் என்னைப் பற்றி, போதிய தொழில்நுட்ப அறிவில்லாத மேற்பார்வையாளர் என்று எழுதியிருப்பதாக அவர்தான் சொன்னார்.

அது தவறு. சென்சாரை நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எந்த வரியை எடுத்தால் அடுத்தது ஏமாறும் என்று தெரியும், எப்படி எழுதினால் நம்பும் என்று தெரியும். பாவாத்தாள் கையை உள்ளே விட்டபோது, கால் அழுந்தினால் பிரஸ் நிற்காது என்று அந்தப் பட்டறையில் தெரிந்திருந்தது எனக்கு ஒருவனுக்குத்தான். அந்த இரண்டு கைகளும் போனதற்கு நான் காரணம். முழுக்க நான்தான் காரணம். இதை எந்தச் சட்டப் பிரிவில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், எத்தனை வருடம் என்றாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. எனக்குத் தெரியாமல் நடந்தது என்று மட்டும் எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.